அதே அளவு, வேறு அறை

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலும் அவருடைய சகாக்களும் 1982-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வறிக்கை இரண்டே பக்கம்தான். எலிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஹெராயின் ஊசி போட்டார்கள். அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். இடைப்பட்ட நாட்களில் அதே எலிகளை வேறொரு சூழலில் வைத்து வெறும் சர்க்கரைக் கரைசலை ஏற்றினார்கள். ஆக, ஒவ்வோர் எலிக்கும் ஹெராயின் அறை ஒன்று, சர்க்கரை அறை ஒன்று. கடைசி நாளில் எல்லாவற்றுக்கும் அதுவரை தராத பெரிய அளவு ஹெராயினை ஒரே மாதிரி ஏற்றினார்கள். ஒரு பகுதி எலிகளுக்குப் பழகிய ஹெராயின் அறையில், இன்னொரு பகுதிக்குச் சர்க்கரை அறையில். ஒப்பீட்டுக்காகச் சேர்த்த, அதற்குமுன் ஹெராயினே அறியாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. பழகிய அறையில் ஊசி பெற்றவற்றில் 32 சதவீதம் செத்தன. அறை மாறியவற்றிலோ 64 சதவீதம். பழகிய இரு கூட்டத்துக்கும் மருந்து ஒன்று, அளவு ஒன்று, பழகிய நாட்களும் ஒன்று. அறை மாறியதற்காக மட்டும் சாவு இரட்டிப்பானது.

போதைப்பொருள் உடலை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நாம் வழக்கமாக வேதியியலிடம் விடை தேடுகிறோம். இந்தப் பொருள் இந்த ஏற்பியில் ஒட்டும், அதனால் இன்னது நடக்கும் என்று விளக்கப்படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுகிறோம். அந்த அம்புக்குறி பொய்யில்லை; ஆனால் பாதிக் கதைதான். மீதிப் பாதி, பொருளுக்கு எதிராக உடல் கற்றுக்கொள்ளும் எதிர்வேலை. ஹெராயின், மார்ஃபின், வலி மாத்திரைகள் போன்ற அபின் வகைப் பொருட்களை எடுத்துக்கொண்டு பார்த்தால், ஒருவர் உயிர் பிழைப்பதும் சாவதும் ஊசியில் ஏறிய அளவைவிட அந்த எதிர்வேலை அப்போது விழித்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அமைவதைப் பல இடங்களில் காண முடிகிறது. இந்தக் கற்றல் ஒரே துண்டும் அன்று. அதில் ஒரு பகுதி சில நாட்களில் கரைந்துபோகும். இன்னொரு பகுதி பல ஆண்டுகள் நிற்கும். போதையை விட்டவர்களை மிக அதிகமாகக் கொல்லும் காலம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம்முடைய சிகிச்சை முறைகளில் பல அந்தக் காலத்தைத் தாங்களே உண்டாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்கின்றன.

முதலில் அம்புக்குறியின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அபின் வகைப் பொருட்கள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை மூளையில் இனம் கண்டார்கள். செடியிலிருந்து வரும் ஒரு பொருளுக்கு மனித மூளையில் ஏன் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. இரண்டே ஆண்டில், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற சுரப்பைப் பிரித்தெடுத்து அதற்கு விடை சொன்னார்கள்: உடலே இவ்வகைப் பொருளைத் தயாரிக்கிறது, ஏற்பி அதற்காகத்தான். வெளியிலிருந்து வரும் ஹெராயின் அந்த இடத்தில் ஏறி உட்காருகிறது. தண்டுவடத்தில் உட்கார்ந்தால் வலி மங்கும். குடலில் உட்கார்ந்தால் மலச்சிக்கல். நடுமூளையில், டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அடக்கிவைத்திருக்கும் காவல் நரம்பணுக்களை அது அமர்த்திவிடுகிறது. காவல் தளர்ந்ததும் டோபமின் பெருகுகிறது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை வைத்திருக்கும் நரம்பணுக்களிலும் இதே ஏற்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கரியமிலவாயு கூடும்போது ‘மூச்சு விடு’ என்று உந்துகிற பொறி அது. அபின் வகைப் பொருள் அந்த உந்துதலை மழுங்கடிக்கிறது. ஹெராயின் ஓவர்டோஸில் இதயம் முதலில் நிற்பதில்லை. மூச்சுதான் நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. ஆளுக்குத் திணறலே தெரிவதில்லை. திணறலை உணர்த்த வேண்டிய பொறியே அல்லவா மழுங்கியிருக்கிறது!

இந்த நிலையை உடல் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. மூளைத்தண்டில் லோகஸ் சிருலியஸ் என்ற சிறு நரம்பணுக் கொத்து உண்டு. விழிப்புக்கும் பதற்றத்துக்குமான நாரட்ரினலினை மூளைக்கு வழங்கும் முக்கிய ஊற்று அது. அபின் வகைப் பொருள் அதை அமுக்குகிறது. நாள் கணக்கில் அமுக்கினால் அந்த நரம்பணுக்கள் தம் உள்வேதியியலை மாற்றிக்கொண்டு, அமுக்கத்தையும் மீறிப் பழைய வேகத்தில் ஓடக் கற்றுக்கொள்கின்றன. கயிறிழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலத்தில் இழுக்கும்போது வெளியே அசைவு தெரியாது. ஒரு பக்கம் திடீரென்று விட்டால்? பொருள் உள்ளே போகாத நாளில் எதிர்ப்பக்கத்தின் முழு இழுவையும் வெளிப்படுகிறது. வலி மங்கியிருந்த இடத்தில் எலும்பெல்லாம் வலி. மலச்சிக்கலுக்குப் பதில் வயிற்றுப்போக்கு. சுருங்கியிருந்த கண்மணி விரிகிறது. தூக்கம் போய்ப் பதற்றம், கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல். விலகல் அறிகுறிகள் என்று மருத்துவம் சொல்வது பொருளின் வேலையைத் தலைகீழாக எழுதிய பட்டியல். நாரட்ரினலின் சுரப்பைக் குறைக்கும் குளோனிடின் மாத்திரை இந்த அவதியின் பெரும்பகுதியைத் தணிப்பது, எதிர்வேலை எங்கே நடக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகிவிடுவதில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பரவசத்துக்கு மூளை சீக்கிரம் பழகுகிறது. மூச்சுப் பொறி அத்தனை சீக்கிரமாகவும் முழுமையாகவும் பழகுவதில்லை. குடலும் கண்மணியும் பழகுவதே அபூர்வம். பல ஆண்டு பழகியவருக்கும் மலச்சிக்கல் தீராது. அதாவது, பழைய இன்பத்தைத் தேடி ஒருவர் அளவைக் கூட்டிக்கொண்டே போகும்போது, அந்த அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நரம்பணுவுக்குள் நடக்கும் மாற்றம். அது மட்டுமே என்றால் சீகலின் எலிகளுக்கு அறை மாறியதால் எதுவும் ஆகியிருக்கக் கூடாது. அறைக்கு வேலை இருக்கிறது என்பதை முதலில் கண்டவர்கள் பாவ்லோவின் காலத்தவர்கள். தாஷ்கண்ட் ஆய்வகத்தில் கிரிலோவ் என்ற ஆய்வாளர் நாய்களுக்குத் தினமும் மார்ஃபின் போட்டுவந்தார். சில நாள் போனதும், ஊசிக்கான ஆயத்தங்களைக் கண்ட மாத்திரத்திலேயே நாய்கள் எச்சில் ஊற்றின, வாந்தி எடுத்தன, மயங்கிச் சரிந்தன. பிறகு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்கென்று 1935-இல் திறக்கப்பட்ட லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் ஆப்ரகாம் விக்லர் இன்னொன்றைக் கவனித்தார். பல மாதங்களாக ஒரு சொட்டு மார்ஃபினும் தொடாத நோயாளிகள், கூட்டமாக உட்கார்ந்து பழைய போதைக் கதைகளைப் பேசத் தொடங்கினால் கொட்டாவி விடுகிறார்கள், மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன. உடலில் மருந்து இல்லை. நிறுத்தி மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் விலகல் அறிகுறி. பேச்சே ஊசியின் முன்னறிவிப்பாகி, உடல் எதிர்வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

கூர்ந்து படிப்பவர் இங்கே ஒரு முரணைப் பிடிப்பார். கிரிலோவின் நாய்கள் மார்ஃபின் ஏறியதுபோல நடந்துகொண்டன; விக்லரின் நோயாளிகளோ மார்ஃபினுக்கு எதிர்த்திசையில் நடந்துகொண்டார்கள். கற்றல் எந்தத் திசையில் போகும்? நேர்மையான பதில், இரு திசையிலும் போகும் என்பதே. ரோலோஃப் எய்கல்பூமும் ஜேன் ஸ்டூவர்ட்டும் 1982-இல் முன்வைத்த பாகுபாடு இதில் உதவுகிறது. மூளையின் உணர்வுப் பக்கத்தில் நேரடியாக நிகழும் விளைவு எதுவோ, முன்னறிவிப்பும் அதையே எழுப்பும். மூளையின் கட்டுப்பாட்டு வளையத்துக்கு வெளியே பொருள் உண்டாக்கும் குலைவு எதுவோ, அதற்கு மூளை தரும் ஈடுகட்டலை முன்னறிவிப்பு எழுப்பும். எல்லா முரணும் இதில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சீகலின் சோதனையில் பழகிய அறை உயிரைக் காத்தது என்ற உண்மை, ஈடுகட்டலும் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதை மறுக்க முடியாமல் நிறுவுகிறது.

எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்குமா? மனிதரை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கிடைப்பவை சுற்றுச் சான்றுகள். பார்சிலோனா மருத்துவமனை ஒன்றில் ஹெராயின் ஓவர்டோஸில் பிழைத்தவர்களை விசாரித்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், அவர்களில் சுமார் பாதிப்பேர் அன்று வழக்கமில்லாத இடத்தில் ஊசி போட்டிருந்தார்கள். ஓவர்டோஸ் ஆகாத ஒப்பீட்டுக் குழுவிலோ எல்லோரும் வழக்கமான இடத்தில்தான் போட்டிருந்தார்கள். சீகல் இணைந்து எழுதிய இன்னொரு குறிப்பு கணையப் புற்றுநோயாளி ஒருவரைப் பற்றியது. மங்கலான படுக்கையறையில் வாரக்கணக்கில் மார்ஃபின் ஊசி பெற்றுவந்தவர், ஒருநாள் வெளிச்சமான கூடத்தில் அதே அளவைப் பெற்றுக்கொண்டார். மிகை அளவின் அறிகுறிகள் தோன்றி, அதன்பின் இறந்தார். ஒற்றை நேர்வு எதையும் நிறுவாது. முற்றிய புற்றுநோயாளி வேறு காரணத்தாலும் இறந்திருக்கலாம். இதைவிடக் கனமான சான்று பிணக்கூறாய்வு மேசையிலிருந்து வருகிறது. ஷேன் டார்க்கும் டெபோரா சாடோரும் 1996-இல் ஹெராயின் மரணங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, இறந்தவர்கள் பெரும்பாலும் புதியவர்கள் இல்லை, நெடுநாள் பழகியவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் பலருடைய இரத்தத்தில் இருந்த மார்ஃபின் அளவு, உயிரோடு நடமாடும் பயனாளிகளின் அளவைவிட அதிகமாகவும் இல்லை. கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ அடிக்கடி இருந்தது. மூச்சை வேறு வழியில் அமுக்கும் பொருட்கள் அவை. இந்தக் கலப்பு பல மரணங்களை விளக்கும். ஃபெண்டானில் கலந்த சரக்கு பரவியபின் வட அமெரிக்காவில் நிகழும் மரணங்களுக்கு அளவு தெரியாத வீரியமே பெரிய காரணம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஃபெண்டானிலுக்கு முந்தைய காலத்திலும், பழகியவர் பழகிய அளவிலேயே இறந்தார் என்ற புதிர் இருந்தது. அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது இன்னும் புதிர்தான்.

இனி நெடுநாள் நிற்கும் பகுதி. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் மின்முனை வைத்து டோபமின் நரம்பணுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு சைகை வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சைகைக்குத் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. சைகை வந்து சாறு வராவிட்டால், வரவேண்டிய நொடியில் அவற்றின் துடிப்பு தாழ்ந்தது. டோபமின் இன்பத்தின் திரவம் என்ற பத்திரிகைப் பேச்சு இங்கேயே உடைகிறது. அது எதிர்பார்ப்பைத் திருத்தும் கணக்கு. சாதாரண இன்பத்தில் எதிர்பார்த்தது கிடைத்ததும் கணக்கு சமனாகி ஓய்கிறது. ஹெராயின் ஒவ்வொரு முறையும் வேதியியல் வழியே டோபமினைத் தள்ளிவிடுவதால் கணக்கு சமனாவதே இல்லை; சைகையின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. சைகை என்றால் ஒரு தெருமுனை, சம்பள நாள், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஒரு நண்பரின் எண். கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1993 முதல் வாதிட்டுவருவதுபோல, பொருள் தரும் இன்பம் குறைந்துகொண்டே போகும்போதும் அதன்மேலான உந்துதல் கூடிக்கொண்டே போக முடியும். ‘இதில் இப்போது சுகமே இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று அடிமைப்பட்டவர் சொல்வதை வீட்டார் நம்புவதில்லை. நரம்பியல்படி அது துல்லியமான வாக்குமூலம். சைகையைப் பலமுறை காட்டிப் பொருளைத் தராமல் இருந்தால் உந்துதல் அடங்கும், உண்மைதான். ஆனால் பழைய கற்றல் அழிவதில்லை, அதன்மேல் புதுக் கற்றல் படிகிறது. சிகிச்சை அறையில் படிந்த அந்தப் புதுக் கற்றல் தெருமுனைக்குக் கூடவே வருவதும் இல்லை.

இடத்துக்கு இத்தனை பலம் உண்டென்றால், இடத்தை முழுக்க மாற்றினால் அடிமைத்தனம் உதிர வேண்டும். வரலாறு அந்தச் சோதனையையும் நடத்திப் பார்த்தது. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருந்ததால் நிக்சன் அரசு அலறி, 1971-இல் நாடு திரும்பும் வீரர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை வைத்தது. சமூகவியலாளர் லீ ராபின்ஸ் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமைப்பட்டிருந்தவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று ஆண்டுகளில் 12 சதவீதம். பல்லாயிரம் மைல் தள்ளியிருந்த பதுங்குகுழியும் சிறுகுப்பியும் நண்பர் குழாமும் அமெரிக்காவில் இல்லை. லெக்சிங்டனில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களோ, எந்தத் தெருவிலிருந்து வந்தார்களோ அதே தெருவுக்குத் திரும்பினார்கள். மிகப் பெரும்பாலோர் மீண்டும் விழுந்தார்கள். இந்த ஒப்பீட்டை அளவுக்குமேல் இழுக்கக் கூடாது. வீரர்கள் இளைஞர்கள், வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பியவர்கள். பலர் ஊசியைத் தொடாமல் புகைத்தவர்கள். லெக்சிங்டனுக்கு வந்தவர்கள் பல ஆண்டு சீரழிந்தபின் வந்தவர்கள். அடிமைப்பட்டிருந்த வீரர்கள் ஊரில் சரக்குக் கிடைக்காததால் விட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அவர்களில் சுமார் பாதிப்பேர் ஊரிலும் ஒரு முறையாவது எடுத்துக்கொண்டார்கள் என்று ராபின்ஸின் பேட்டிகள் காட்டுவதால், அந்த வாதம் நிற்கவில்லை.

விலகியவரின் உடலில் கற்றலின் இந்த இரண்டு பகுதிகளும் இரண்டு கடிகாரங்கள்போல வேறுவேறு வேகத்தில் ஓடுகின்றன. நரம்பணுவின் தாங்குதிறன் சில நாட்களில் இறங்கத் தொடங்கி, ஓரிரு வாரங்களில் பெருமளவு போய்விடுகிறது. சைகையின் இழுப்பு அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் அவரைப் பழைய தெருவில் இறக்கிவிட்டால், கை பழைய அளவையே எடுக்கும். மூச்சுக்கு அது புது ஆளின் அளவு. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்த இங்கிரிட் பின்ஸ்வாங்கர் குழுவின் 2007 ஆய்வு, விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருள் ஓவர்டோஸில் இறக்கும் வாய்ப்பு மாநிலத்தின் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. சிறை கெட்ட இடம், மருத்துவமனை நல்ல இடம் என்று நினைப்பவர் ஜான் ஸ்ட்ராங் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சிறு ஆய்வைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் தங்கி அபின் பழக்கத்திலிருந்து விடுபடும் சிகிச்சை பெற்ற 137 பேரில், முதல் நான்கு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்கள் மூன்று பேர். மூவருமே சிகிச்சையை முழுமையாக முடித்துத் தாங்குதிறனை இழந்திருந்த 37 பேரைச் சேர்ந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்கள், மருத்துவர் கணக்கில் தோற்றவர்கள், அப்படி இறக்கவில்லை. எண்ணிக்கை சிறியது. ஆனாலும் வெற்றி என்று எதை எழுதிவைக்கிறோம் என்று கேட்க வைக்கும் எண்ணிக்கை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை ஒன்றிய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பு, அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி, அதாவது மக்கள்தொகையில் 2.1 சதவீதம் என்றது. உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். தமிழ்நாட்டில் வலி மாத்திரையான டேப்பென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய காவல்துறைச் செய்திகள் இப்போது வாடிக்கை. இங்கே குடும்பங்கள் அறிந்த சிகிச்சை, பிள்ளையை மறுவாழ்வு மையத்தில் சேர்த்து, சில வாரமோ மாதமோ உள்ளே வைத்து, ‘சுத்தமாக’ வெளியே கொண்டுவருவது. மதுவுக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. மது நிறுத்தலே வலிப்பையும் ஜன்னியையும் கொண்டுவந்து உயிரை எடுக்கலாம், ஆகவே அந்த நாட்களில் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். அபின் வகையில் நிலைமை நேரெதிர். நிறுத்தும் நாட்கள் கொடுமையானவை, ஆனால் அரிதாகவே கொல்பவை. கொல்வது அதற்கடுத்த வாரங்கள். இரண்டுக்கும் ஒரே கதவு, ஒரே சாவி என்று நடத்துவதுதான் தவறு.

மாற்று வழி புதிதன்று. 1965-இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் மெதடோனைத் தினம் ஒருவேளை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். அது மெல்ல ஏறி, ஒரு நாள் முழுக்க நின்று, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஏற்பியை நிரப்பிவைக்கிறது. பிறகு வந்த புப்ரினார்ஃபின் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதி வேலையை மட்டும் செய்கிறது. மூச்சை ஓர் எல்லைக்குமேல் அமுக்குவதில்லை. ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுப்பதுதானே இது என்ற ஆட்சேபம் அன்றிலிருந்து உண்டு, எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. உடல் சார்பு தொடரத்தான் செய்கிறது, நிறுத்தினால் அவதியும் வரும். ஆனால் இதுவரை சொன்ன வாதத்தின்படி, தாங்குதிறன் இறங்காமல் வைத்திருப்பதே இங்கே காப்பு. ஆட்சேபம் குறையாகச் சுட்டுவது எதுவோ அதுவே மருந்து. 2017-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த லூயிஸ் சோர்டோ குழுவின் கணக்கில், மெதடோன் பெறும் காலத்தில் ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு 11.3 மரணம், சிகிச்சையிலிருந்து விலகிய காலத்தில் 36.1. மெதடோனைத் தொடங்கும் முதல் நான்கு வாரங்களிலும் ஆபத்து கூடுதல் என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. இந்தியாவில் புப்ரினார்ஃபின் தரும் மையங்களைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே நடத்திவருகிறது. ஊசி பகிர்வதால் எச்ஐவி பரவும் என்ற அச்சம் திறந்த கதவு அது. ஓவர்டோஸ் மரணம் என்ற அச்சம் இன்னும் அத்தனை கதவுகளைத் திறக்கவில்லை.

நலாக்ஸோன் என்ற மருந்து அதே ஏற்பியிலிருந்து ஹெராயினைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. நின்றுபோன மூச்சு சில நிமிடங்களில் திரும்புகிறது. ஸ்காட்லாந்து 2011 முதல் சிறையிலிருந்து வெளியேறுவோர் கையில் அதைக் கொடுத்து அனுப்பியது. 2006-10 காலத்தில் அபின் வகை மரணங்களில் 9.8 சதவீதம் விடுதலையான நான்கு வாரத்துக்குள் நிகழ்ந்தவை. 2011-13-இல் அது 6.3 சதவீதமானது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் கொடுத்ததால் இந்த வீழ்ச்சி முழுவதும் நலாக்ஸோனால்தான் என்று அறுதியிட முடியாது. அதை அறுதியிட இங்கிலாந்துச் சிறைகளில், சிலருக்குக் கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். பாதி வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சிறையிலிருந்து வந்தவருக்கென்று கொடுத்த மருந்து, பயன்பட்ட நேரங்களில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்குப் பயன்படவில்லை. பக்கத்தில் மூச்சு நின்று கிடந்த வேறொருவருக்கு அவர் போட்டிருந்தார். மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிடும் சோதனைமுறைக்கு அந்தத் தெருவில் இடம் இருக்கவில்லை.